முகமூடியாட்டத்தைக் குறித்த ஒரு பழஞ்சொல்: அதன் பொருளும் நம் வழக்கும்

லூத்தருடைய எழுத்துகளைத் தமிழில் எடுத்துரைக்க முற்படுவோர் இடறும் சொற்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று 'மும்மெராய்' என்னும் ஜெர்மன் சொல். முகத்தை மறைத்துக்கொண்டு கூட்டமாக வீடுவீடாகச் சென்று ஆடிக் களித்தவர்களின் ஆட்டத்திற்கு அது பெயர். ஆங்கிலத்தில் அவ்வாறு ஆடியவரை 'மம்மர்' என்றும், ஆட்டத்தை 'மம்மரி' என்றும் அழைத்தனர். நம் பண்டைய இலக்கியங்களில் மயக்கத்தையும் கலக்கத்தையும் குறித்து வழங்கும் 'மம்மர்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. ஒலியொப்புமை மட்டுமே உண்டு.

இச்சொல்லை இங்கு ஆராய எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சீர்திருத்தத் திருச்சபையினர் பிறருடைய வழிபாட்டை இகழ்வதற்கு இதனை நூற்றாண்டுக்கணக்கில் வசைச்சொல்லாகக் கையாண்டனர். ஆனால் சீர்திருத்தத்தின் தலைவரான லூத்தரோ, இதே சொல்லை இறைவன் உலகை ஆளும் முறைக்கே உரியதாக்கினார். ஒரே சொல் ஒரே மரபில் இவ்வாறு எதிரெதிராக வழங்கியிருக்க, நமது பிரசங்க பீடங்களில் அவற்றுள் ஒரு வழக்கு மட்டுமே நிலைத்துவிட்டது. இழந்துபோன மற்றொன்றை மீட்டுக்கொள்வதும், மீட்டுக்கொள்ளும்போது அதில் மறைந்துள்ள ஆபத்தை உணர்ந்துகொள்வதும் அருட்பணியாளருக்கு இன்றியமையாதன என்பது நமது கருத்து.

1. சொல்லின் வரலாறு

கிறிஸ்து பிறப்பு நாள் தொடங்கித் தபசு காலத்திற்கு முந்திய நாள்கள்வரை ஐரோப்பிய நகரங்களில் முகமூடியாட்டங்கள் நிகழ்ந்து வந்தன. அவற்றுள் 'மம்மிங்' எனப்பட்டதற்குச் சில தனிப் பண்புகள் இருந்தன. ஆடுவோர் அழையாமலே ஒரு வீட்டினுள் நுழைவர். வாய் திறந்து பேசார். வீட்டுத் தலைவரோடு பகடை உருட்டி விளையாடுவர். பின்னர் வந்தவாறே சென்றுவிடுவர். ஜெர்மன் மொழியில் 'மும்மென்ஷான்ஸ்' என்ற பெயரே இப்பகடை விளையாட்டை நினைவூட்டுவதாகும்.

1377ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலண்டன் நகரில் நிகழ்ந்ததொன்று வரலாற்றில் பதிவாகியுள்ளது. நகரமக்களில் 130 பேர் மாறுவேடம் பூண்டு, குதிரையேறி, இளவரசன் ரிச்சர்டு தங்கியிருந்த கென்னிங்டன் அரண்மனைக்குச் சென்றனர். பேசாமலே பகடையைக் காட்டி ஆட்டத்திற்கு அழைத்தனர். பொற்பந்து, பொற்கிண்ணம், மோதிரம் ஆகியவை பந்தயப் பொருள்களாக வைக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் சிறுவனாகிய இளவரசனே வெல்லுமாறு அப்பகடை முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் தோற்பதற்கென்றே வந்தனர், கொடுப்பதற்கென்றே விளையாடினர். இப்பண்பு பின்னர் நமது ஆய்வுக்குப் பயன்படும்.

முகமூடி எப்பொழுதும் இத்தகைய நன்னோக்குடன் அணியப்பட்டதன்று. 1400ஆம் ஆண்டு சனவரியில், விண்ட்சரில் நான்காம் ஹென்றி மன்னனைக் கொல்லத் திட்டமிட்டோர் இத்தகைய ஆட்டத்தைத் திரையாகக் கொள்ளக் கருதினர். எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1511ஆம் ஆண்டைச் சார்ந்த சட்டமொன்று முகமூடி அணிந்து திரிவதைக் குற்றமாக்கிற்று. திருச்சபையும் முன்னரே கண்டித்திருந்தது. 1207இல் போப்பு மூன்றாம் இன்னசென்ட், ஆலயங்களினுள் முகமூடிக் கூத்துகள் நடைபெறுவதைத் தடுக்குமாறு போலந்து நாட்டுப் பேராயருக்கு எழுதினார். 1445இல் பாரீசு இறையியல் துறையினர், குருக்களே ஆராதனை வேளையில் முகமூடியணிந்து ஆடியதைக் கடிந்து மடல் விடுத்தனர். ஆகவே முகமூடிக்கு எதிரான குரல் சீர்திருத்தவாதிகளோடு தோன்றியது என்று கொள்ளுதல் பிழையாகும்.

இக்கண்டனங்களில் முகமூடிக்கு வழங்கிய இலத்தீன் சொல் 'லார்வா' என்பது. அது முதலில் பேயுருவைக் குறித்தது. பின்னர் பேய்முகம் தீட்டிய முகமூடிக்கு ஆயிற்று. உயிரியல் நூல்களில் நாம் காணும் 'லார்வா'வும் இதுவே. முழு வளர்ச்சியுற்ற பூச்சியின் வடிவம் புழுவுக்குள் மறைந்திருப்பதால், 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் அப்பருவத்திற்கு முகமூடியின் பெயரைச் சூட்டினார். மறைப்பது, பின்னர் நீங்குவது என்னும் இரு கருத்துகளும் அச்சொல்லில் அடங்கியுள்ளன.

2. நியூரம்பெர்க் போதகரும் முகமூடியாளரும்

சீர்திருத்தத் திருச்சபை முகமூடியை எதிர்கொண்ட விதத்திற்கு நியூரம்பெர்க் நகரம் சிறந்த சான்றாகும். அங்கு ஆண்டுதோறும் தபசு காலத்திற்கு முன் நிகழ்ந்த ஓட்டத்திற்கு 'ஷெம்பார்ட்' ஓட்டம் என்று பெயர். 'ஷெம்' என்பது நிழலையும் முகமூடியையும் குறித்த பழஞ்சொல். 'பார்ட்' என்பது தாடி. பழஞ்சொல்லின் பொருள் மறைந்தபோது, மக்கள் அதனை 'அழகிய தாடி' எனப் பொருள்படுமாறு மாற்றி வழங்கினர். பெயரின் பொருளை மறந்தும் மக்கள் ஆட்டத்தை மறக்கவில்லை.

இறைச்சி வணிகரின் நடனத்திற்குக் காவலாகத் தொடங்கிய இவ்வோட்டம், நாளடைவில் நகரப் பெருங்குடியினரின் விழாவாயிற்று. சறுக்கு வண்டியின்மேல் 'நரகம்' என்ற பெயரில் பெரிய உருவமொன்றை இழுத்து வந்து, இறுதியில் நகரமன்றத்தின் முன் தாக்கி எரிப்பர். நகரம் சீர்திருத்தத்தைத் தழுவிய காலத்தில் இவ்வோட்டம் நின்றது. 1524க்குப் பின் 1539இல் ஒருமுறை மட்டும் மீண்டும் நடந்தது. அவ்வாண்டின் 'நரகம்' ஒரு கப்பல். அதில் பேய்களுக்கும் கோமாளிகளுக்கும் நடுவே, போதகரின் அங்கி தரித்த ஓர் உருவம், கையில் வேதத்திற்குப் பதிலாகச் சூதாட்டப் பலகையை ஏந்தி நின்றது. அவ்வுருவம் நகரின் புகழ்பெற்ற லூத்தரன் போதகரான அந்திரேயா ஒசியாண்டர் என்பதை அனைவரும் அறிந்துகொண்டனர். அவர் முறையிட்டார்; நகரமன்றம் ஆட்டத் தலைவர்களைச் சிறையிலிட்டது; அதன்பின் ஷெம்பார்ட் ஓட்டம் நிகழவே இல்லை.

இந்நிகழ்ச்சியைப் போதகரின் வெற்றி என்று எழுதிவிடலாம். ஆயினும் மக்கள் ஏன் அவரைக் கப்பலில் ஏற்றினர் என்று கேட்பது நமது கடமை. அவர் தனிப்பட்ட பாவ அறிக்கையை வற்புறுத்தி, பொதுவான பாவமன்னிப்பு அறிவிப்பை 1533 முதல் எதிர்த்து வந்தார். மேடையில் அவர் பேசலாம். கீழே அமர்ந்திருப்போர் மறுமொழி கூற வழியில்லை. வெறும் முகத்தோடு சொல்ல இயலாததை மக்கள் முகமூடியோடு சொன்னார்கள். அவர்கள் கூறியது நியாயமா என்பது வேறு வினா. ஆனால் சபையார் தம்மிடத்தில் நேர்நின்று பேச அஞ்சும் நிலையை உண்டாக்கிவிட்ட போதகர், வீதியில் தமது உருவம் எரிவதைக் கண்டு வியப்படைய உரிமையில்லை.

முகமூடி எப்பொழுதும் எதிரணியின் படைக்கலமாகவே இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1521இல் விட்டன்பெர்க் மாணவர் ஒருவரைப் போப்பாகப் புனைந்து ஊர்வலம் நடத்தியபோது லூத்தர் அதைத் தடுக்கவில்லை. நண்பருக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். நமது முகமூடி நகைச்சுவை, பிறர் முகமூடி நிந்தை என்னும் மனப்பான்மை எல்லாத் தரப்பினருக்கும் பொதுவானது.

3. வசைச்சொல்லான வகை

இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே 'மம்மரி' என்பது பூசைச் சடங்குகளை இகழும் சொல்லாக மாறிற்று. குருவின் திருவுடை வேடமென்றும், மெல்லிய குரலில் ஓதும் மன்றாட்டு ஊமைக்கூத்தென்றும் எள்ளப்பட்டன. 1633இல் வில்லியம் பிரின் என்னும் பியூரித்தன், ஆயிரத்திற்கும் மேற்பட்ட பக்கங்களில் நாடகத்தையும் வேடத்தையும் கண்டித்து எழுதினார். ஆண் பெண்ணுடையும் பெண் ஆணுடையும் தரிக்கலாகாது என்னும் உபாகமம் 22:5 அவருக்கு முதன்மையான ஆதாரங்களுள் ஒன்று. நடிகன் என்பவன் பெயராலேயே மாயக்காரன் என்பது அவரது மற்றொரு வாதம். அரசியை இழிவுபடுத்தினார் என்னும் குற்றச்சாட்டில் அவரது காதுகள் அறுக்கப்பட்டன. அவர் பட்ட துன்பத்தை நாம் மதிக்கிறோம். அவரது வாதத்தை ஏற்பதற்கில்லை.

ஏனெனில் இவ்வாதம் இன்றும் நம்மிடையே வழங்குகிறது. சுவிசேஷங்களில் 'மாயக்காரர்' என வரும் இடங்களில், 'மூலச்சொல் மேடை நடிகனைக் குறிப்பது. ஆகவே பரிசேயர் முகமூடி தரித்த நடிகர்' என்று விளக்குவது பிரசங்கிகளிடையே வழக்கமாகிவிட்டது. கிரேக்க இலக்கியத்தில் 'ஹுப்போகிரித்தேஸ்' நடிகனைக் குறித்தது உண்மையே. ஆனால் யோபு 34:30, 36:13 ஆகிய இடங்களில் கிரேக்க மொழிபெயர்ப்பு, இறைப்பற்றற்றவனைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு ஈடாக இதனை வைத்துள்ளது. வரிகொடுத்தலைப் பற்றி இயேசுவைச் சோதித்தவர்களின் உள்ளத்தை மாற்கு (12:15) இச்சொல்லின் வழியாகக் குறிக்க, மத்தேயு (22:18) துர்க்குணம் என்றும், லூக்கா (20:23) தந்திரம் என்றும் பொருள்படும் வேறு சொற்களைக் கையாளுகின்றனர். சொல்லின் பொருள் மேடையோடு முடிந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும். இயேசு கண்டித்தது முகமூடியை மட்டுமன்று. இறைவனை விட்டு விலகிய நெஞ்சத்தையே கண்டித்தார்.

இந்நோக்கில் பார்க்கும்போது, பழைய தமிழ்த் திருமறையின் 'மாயக்காரர்' என்னும் சொல்லும், 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பின் 'வெளிவேடக்காரர்' என்னும் சொல்லும் வெவ்வேறு வழிகளில் செல்கின்றன. முன்னது ஏமாற்றத்தையும் வஞ்சனையையும் சுட்டுகிறது. பின்னது வேடத்தை முன்னிறுத்துகிறது. பின்னது எளிதில் விளங்குவது. ஆயினும் உள்ளத்தின் கேட்டை வெளித்தோற்றத்தின் கேடாகச் சுருக்கிவிடும் அபாயம் அதற்கு உண்டு. வேடமே இல்லாமல், வெளிப்படையாகவே இரக்கமற்றிருப்பவன் இக்கண்டனத்திற்குத் தப்பிவிடலாம் அன்றோ!

4. லூத்தரின் வழக்கு

இப்பொழுது லூத்தரிடம் வருவோம். 1524இல் ரீகா நகரக் கிறிஸ்தவர்களுக்கென 127ஆம் சங்கீதத்திற்கு அவர் எழுதிய விளக்கத்தில், வீடு கட்டுவதும் நகரைக் காப்பதும் மனிதர் செய்யும் வேலையாகவே தோன்றினும், உண்மையில் கட்டுகிறவரும் காக்கிறவரும் கடவுளே என்கிறார். உலகத்தின் நடையும், சிறப்பாக அவருடைய பரிசுத்தவான்களின் வாழ்வும் கடவுளின் முகமூடியாட்டமே. அதனுள் மறைந்திருந்து அவர் ஆளுகிறார் என்பது அவர் கருத்து. இங்குதான் 'மும்மெராய்' என்னும் வீதிச்சொல் இறையியலில் நுழைகிறது.

1532இல் அச்சான 147ஆம் சங்கீத விளக்கத்தில் இக்கருத்து விரிவடைகிறது. உழாமலும் விதைக்காமலும் நமக்கு விளைச்சல் தரக் கடவுளால் இயலும். ஆனால் அவர் அவ்வாறு விரும்புவதில்லை. உழவனின் கையும், தாயின் பராமரிப்பும், ஆள்வோனின் காவலும் அவர் அணியும் முகமூடிகள். நாம் உழைப்பது அவசியம். ஆனால் உணவு உழைப்பிலிருந்து வருகிறது என்று எண்ணுவது முகமூடியை முகமென்று கருதுவதாகும்.

நாம் முன்னர் கண்ட 1377ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இங்கு நினைவுகூரலாம். லூத்தர் அதனை அறிந்திருந்தார் என்று நாம் சொல்லவில்லை. எனினும் அழையாமலே வீட்டிற்குள் வந்து, பேசாமலே அமர்ந்து, நாம் வெல்லும்படி விளையாடி, கொடையை வைத்துவிட்டுச் செல்லும் விருந்தினர் என்னும் வழக்கத்தை மனத்திற்கொண்டால், இச்சொல்லைக் கடவுளுக்குரியதாக்கியது நிந்தையன்று, நன்றியுணர்வே என்பது விளங்கும். நாம் நம் திறமையால் வென்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெல்லுமாறு ஆட்டத்தை அமைத்தவர் வேறொருவர்.

1531இல் விரிவுரையாக ஆற்றி 1535இல் நூலாக வெளிவந்த கலாத்தியர் விளக்கத்தில் லூத்தர் மேலும் ஒருபடி செல்கிறார். கலாத்தியர் 2:6இல் கடவுள் மனிதரின் 'முகத்தை' ஏற்பதில்லை என்ற பொருளில் பவுல் எழுதுகிறார். மூலத்திலுள்ள 'புரோசோப்பொன்' முகத்தையும் முகமூடியையும் ஒருங்கே குறிப்பது. இலத்தீனில் அதற்கு ஈடான 'பெர்சோனா'வும் மேடை முகமூடியே. இதனைப் பற்றிக்கொண்டு, அரசன், நீதிபதி, போதகன், ஆசிரியன், மாணவன், தகப்பன், தாய், பிள்ளை, எசமானன், வேலையாள் ஆகிய அனைவரும் கடவுளின் முகமூடிகள் என்கிறார். இம்மையில் இவையின்றி வாழ முடியாது. இவற்றை மதிக்க வேண்டும். ஆனால் மனச்சாட்சியைச் சார்ந்த காரியத்தில், அஞ்சுவதற்கும் நம்புவதற்கும் உரியவை இவை அல்ல. பேதுருவும் ஒரு முகமூடியே. ஆகையால் பவுல் அவரை எதிர்த்து நின்றது தகும்.

இப்பட்டியலில் 'போதகன்' என்னும் பெயரும் இருப்பதை நாம் கடந்து செல்லலாகாது. அங்கியும் பட்டையும் அருட்பொழிவும் நம்மைக் கடவுளாக்குவதில்லை, அவை முகமூடிகள். பிறருடைய திருவுடையைக் கூத்து என்று இகழ்ந்த மரபின் தலைவர், நமது உடையையும் முகமூடி என்றே அழைத்தார். வேறுபாடு ஒன்றுதான்: அதை அவர் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை.

5. சொல்லின் எல்லை

எவ்வளவு சிறந்த உருவகத்திற்கும் எல்லை உண்டு. இவ்வுருவகத்தைத் திரித்துவத்திற்கும் கிறிஸ்துவின் மானிடத்திற்கும் நீட்டிவிட்டால் பெருங்கேடு விளையும். ஒரே கடவுள் பிதா, குமாரன், ஆவியானவர் என மூன்று முகமூடிகளை மாறிமாறி அணிகிறார் என்பது சபெல்லியக் கொள்கை. 'புரோசோப்பொன்' என்னும் சொல் அவ்வாறு திரிக்கப்படுவதை 4ஆம் நூற்றாண்டிலேயே பசிலியு சுட்டிக்காட்டி எச்சரித்தார்.

இவ்விடத்தில் நமது தமிழ்த் திருமறையின் சொல்லாட்சியைப் பாராட்ட வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் 'வேஷம்' என்னும் சொல் பல இடங்களில் வருகிறது. சவுல் அஞ்சனக்காரியிடம் செல்வதற்கு வேஷம் மாறுகிறான் (1 சாமுவேல் 28:8). கள்ள அப்போஸ்தலரும் சாத்தானும் வேஷம் தரிக்கின்றனர் (2 கொரிந்தியர் 11:13-15). தேவபக்தியின் வேஷத்தைப் பற்றிய எச்சரிக்கை 2 தீமோத்தேயு 3:5இல் உள்ளது. 1 கொரிந்தியர் 7:31இல் கடந்துபோகும் உலகத்தின் 'ஸ்கீமா'வும், ரோமர் 12:2இல் அதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லும் வேஷம் என்றே தமிழாக்கப்பட்டுள்ளன. ஆனால் பிலிப்பியர் 2:8இல் கிறிஸ்துவைப் பற்றி அதே 'ஸ்கீமா' வரும்போது, மொழிபெயர்ப்பாளர் 'ரூபம்' என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டனர். கிறிஸ்துவின் மானிடத்தை வேஷம் என்றால், அவர் மனிதராகத் தோன்றினாரேயன்றி மனிதராகவில்லை என்னும் பழைய தவறான போதனைக்கு வாயில் திறந்துவிடும். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை உணர்ந்த நுண்ணறிவு இது.

2 கொரிந்தியர் 4:6இல் பவுல், கடவுளின் மகிமை கிறிஸ்துவின் 'புரோசோப்பொன்'இல் விளங்குகிறது என்கிறார். இங்கு அது முகமூடியன்று, முகம். உழவனிலும் தாயிலும் கடவுள் மறைந்து நிற்கிறார். கிறிஸ்துவிலோ அவர் முகங்காட்டுகிறார். இவ்வேறுபாட்டைப் பேணினாலன்றி லூத்தரின் உருவகத்தைப் பிரசங்கத்தில் எடுத்தாளுதல் கூடாது.

மறுபுறம், திருமறையில் வேஷம் எப்பொழுதும் ஐயத்திற்குரிய சொல்லாகவே வருவதால், லூத்தரின் கருத்தை 'கடவுளின் வேஷங்கள்' என்று தமிழாக்கினால் சபையார் இடறுவர். 'முகமூடி' என்பதும் இன்று திருடனை நினைவூட்டும் சொல்லாகிவிட்டது. 'கடவுள் மறைந்து நின்று கொடுக்கும் கைகள்' என்பது போன்று விரித்துக் கூறுவதே தக்கது. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவது எப்பொழுதும் மொழிபெயர்ப்பாகாது.

6. சாதியும் ஒரு முகமூடியா?

இனி இவ்வுருவகத்தின் மிகப்பெரிய ஆபத்தைக் காண்போம். சமூகத்தில் நாம் காணும் நிலைகள் யாவும் கடவுளின் முகமூடிகள் என்றால், இருக்கும் ஏற்றத்தாழ்வு எல்லாவற்றிற்கும் தெய்வீக முத்திரை கிடைத்துவிடுமே!

இது கற்பனையான அச்சமன்று. 1934 மே மாதத்தில் வெளிவந்த பார்மென் அறிக்கைக்கு மறுப்பாக, அடுத்த மாதமே அன்ஸ்பாக் ஆலோசனை என்னும் அறிக்கை வெளிவந்தது. வெர்னர் எலர்ட், பவுல் அல்தவுஸ் ஆகிய புகழ்பெற்ற லூத்தரன் இறையியலாளர் அதில் கையொப்பமிட்டனர். குடும்பம், மக்களினம், இரத்த உறவு ஆகியவை கடவுள் நம்மை வைத்திருக்கும் ஒழுங்குகள் என்று அது கூறிற்று. அன்றைய ஜெர்மன் தலைவனுக்காகக் கடவுளுக்கு நன்றியும் செலுத்திற்று. முகமூடியை முகமென்று கொண்டதன் கொடிய விளைவு இது.

நம் நாட்டு வரலாற்றிலும் இவ்வினா எழுந்ததுண்டு. 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லூத்தரன் பணியின் வழிவந்த சபைகளில், ஒரே கூரையின்கீழ்த் தனித்தனி இருக்கையும், நற்கருணையில் முன்பின் என்னும் வரிசையும் நிலைத்திருந்தன. 1833இல் பேராயர் தானியேல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதனை எதிர்த்துச் சபையைவிட்டு வெளியேறினர். பின்னர் வந்த லைப்சிக் மிஷனின் தலைவரான கார்ல் கிரவுல், சாதி பெரும்பாலும் சமூக ஒழுங்கே என்று கருதி மென்மையான போக்கைக் கைக்கொண்டார். அவ்வமைப்பைச் சார்ந்த கார்ல் ஓக்ஸ் அதனை ஏற்காமல் பிரிந்து சென்றார். இவ்விவாதத்தில் லூத்தரின் முகமூடிச் சொல் நேராகக் கையாளப்பட்டது என்று நாம் கூறவில்லை. ஆயினும் சமூக நிலைகள் கடவுளுடைய ஒழுங்கின்கீழ் அடங்கும் என்னும் எண்ணம் அதன் அடியில் இருந்தது.

ஆகவே, சாதி கடவுளின் முகமூடிகளுள் ஒன்றா? இதற்கு விடையை அப்பழஞ்சொல்லே தருகிறது. முகமூடியாட்டத்திற்கு மூன்று இலக்கணங்கள் உண்டு.

முதலாவது, முகமூடி அணியப்படுவது, ஆகவே கழற்றப்படுவது. தபசு காலம் தொடங்கியவுடன் ஆட்டம் முடிந்துவிடும். லூத்தரின் பட்டியலிலுள்ள நீதிபதியும் ஆசிரியனும் அப்பொறுப்பை ஏற்றவர்கள், அதினின்று நீங்கக்கூடியவர்கள். அவர் கூறும் தாய் தகப்பன் உறவும், வளர்க்கப்படும் பிள்ளை இருக்கும் அளவிற்குரிய பணியே. சாதியோ கழற்ற இயலாததென்று சொல்லப்படுகிறது. சாவிலும் விடாமல் கல்லறைத் தோட்டத்தையும் பிரித்து வைக்கிறது. கழற்ற இயலாதது முகமூடியாகாது.

இரண்டாவது, முகமூடி பிறர்பொருட்டு அணியப்படுவது. ஆட்டக்காரன் வந்தது கொடுப்பதற்காக. லூத்தர் கூறிய நிலைகள் அனைத்தும் அயலானுக்குத் தொண்டு செய்யும் வாயில்கள். கடவுள் உழவன் வழியாக உணவையும் தாய் வழியாகப் பராமரிப்பையும் தருகிறார். சாதியின் வழியாக அவர் அயலானுக்குத் தரும் நன்மை யாது? தாழ்த்தப்பட்டவன் பெறுவது இழிவேயன்றி வேறன்று. குஸ்தாவ் விங்ரென் லூத்தரின் அழைப்புக் கோட்பாட்டை ஆராய்ந்து 1942இல் வெளியிட்ட நூலில், ஒருவனுடைய அழைப்பு அயலானின் தேவையை நோக்கியே நிற்கிறது என்பதை நன்கு எடுத்துக்காட்டியுள்ளார். அயலானுக்குப் பயன்படாத நிலை அழைப்பாகாது.

மூன்றாவது, முகமூடிக்குப் பின்னால் வேறொருவர் இருக்கிறார் என்பதை வீட்டார் அறிவர். ஆதலின் அவர்கள் முகமூடியை வணங்குவதில்லை. சாதியோ தன்னையே உண்மையான முகமாகக் காட்டிக்கொள்கிறது. மதிப்பையும் அச்சத்தையும் தனக்கே கோருகிறது.

இம்மூன்று இலக்கணங்களாலும் சாதி கடவுளின் முகமூடி ஆகாது என்பது தெளிவு. இதற்குத் திருமறையிலிருந்தே துணிபு உண்டு. கலாத்தியர் 2:6இல் மனிதரின் முகத்தைக் கடவுள் ஏற்பதில்லை என்று எழுதிய பவுல், சில வசனங்களுக்குப் பின் அந்தியோக்கியாவில் நிகழ்ந்ததைக் கூறுகிறார். புறவினத்தாரோடு உணவருந்தி வந்த பேதுரு, சிலருக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகினார். அச்செயலைப் பவுல் எச்சொல்லால் குறிக்கிறார்? 2:13இல் வருவது, நாம் முன்னர் ஆராய்ந்த அதே 'ஹுப்போகிரிசிஸ்', தமிழில் 'மாயம்'. புதிய ஏற்பாட்டில் ஓர் அப்போஸ்தலன்மீது இக்குற்றச்சாட்டு சுமத்தப்பட்ட இடம், பந்தியில் பிரிந்தமர்ந்த இடமே. ஆடம்பரமான சடங்கில் அன்று, உடன் உண்ண மறுத்ததிலேயே பவுல் மாயத்தைக் கண்டார்.

இங்குத் தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு நல்வாய்ப்பைத் தவறவிட்டது என்று கூற வேண்டும். ரோமர் 2:11, கலாத்தியர் 2:6, யாக்கோபு 2:1 ஆகிய இடங்களில் 'பட்சபாதம்' என்னும் சொல் கையாளப்பட்டுள்ளது. அது ஒருபக்கம் சாய்வதைக் குறிப்பது. மூலத்திலுள்ள 'முகம்' அதில் இல்லை. ஆனால் உபாகமம் 1:17இல் அதே மொழிபெயர்ப்பு 'முகதாட்சிணியம்' என்னும் அருமையான சொல்லை வைத்துள்ளது. முகத்தைப் பார்த்து நியாயத்தைத் தளர்த்துவது என்னும் பொருள் அதில் தெளிவாக விளங்குகிறது. நமது சிற்றூர்களிலும் இன்றும் வழங்கும் சொல் அது. கலாத்தியரிலும் யாக்கோபிலும் அச்சொல்லே நின்றிருந்தால், கடவுள் முகமூடியைப் பார்ப்பவரல்லர் என்னும் பவுலின் வாதம் சபையாரின் செவியில் நேராக விழுந்திருக்கும். மொழிபெயர்ப்பு மாறும்வரை, பிரசங்கத்திலாவது இதனை எடுத்துரைக்கலாம்.

7. முடிவுரை

முகமூடியாட்டத்தைக் குறித்த இப்பழஞ்சொல்லின் வரலாற்றிலிருந்து நாம் பெறுவன மூன்று. பிறருடைய வழிபாட்டைக் 'கூத்து' என்றும் 'வேஷம்' என்றும் இகழும் வழக்கத்தை நமது மேடைகளினின்று விலக்குதல் நலம். அவ்வசைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் திருமறையின் துணை அதற்கு நாம் நினைக்கும் அளவிற்கு இல்லை. அடுத்து, அன்றாட உழைப்பின் ஊடே கடவுள் மறைந்து நின்று கொடுக்கிறார் என்னும் லூத்தரின் போதனையை, வயலிலும் ஆலையிலும் அடுக்களையிலும் உழைக்கும் நம் சபையார்க்கு உரியதாக்க வேண்டும். இறைப்பணி என்பது ஆலயத்திற்குள் நிகழ்வது மட்டுமே என்று எண்ணி, தம் வாரநாள்களை மதிப்பற்றவையாகக் கருதும் விசுவாசிகள் பலர் உளர். அவர்களுக்கு இச்செய்தி நற்செய்தியாகும்.

இறுதியாக, இம்முகமூடிகளுள் எது கடவுளுடையது, எது மனிதர் தம் பெருமைக்காகச் செய்துகொண்டது என்று பகுத்தறியும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது. அப்பகுத்தறிவு நம்மிடத்திலிருந்தே தொடங்க வேண்டும். போதகர் என்னும் பணி அயலானுக்குக் கொடுக்கும் கையாக இருக்கும்வரை அது கடவுளின் முகமூடி. மரியாதையைப் பெறும் முகமாக மாறியவுடன் அது நம்முடையதாகிவிடுகிறது. நற்கருணைப் பந்தியில் அப்பத்தை ஏந்தி நிற்கும் கை எவருடையது என்பதை நாம் மறந்தாலும், பெற்றுக்கொள்ள நீளும் கைகளின் வரிசையைக் கவனித்தால் போதும். அவ்வரிசையில் முன்பின் என்னும் முகதாட்சிணியம் இன்னும் இருக்குமாயின், வேஷத்தைப் பற்றி நாம் செய்யும் பிரசங்கம் முதலில் நமக்கே உரியதாகும்.